முதல் ஆள்

வலியே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் மாஸ்டர் என்று இப்போதும் கல்யாண மண்டபங்களில் யாராவது வந்து கேட்கிறார்கள். அந்த நேரத்தில் என் கையில் கரண்டி இல்லாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. எங்கள் தெரு முழுக்க ஒரு சித்திரை மாதம் அப்படி இருந்து பார்த்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கால் மரத்துப்போய் இறங்குகிறோமே, உடம்பு முழுக்க அப்படி.

என் பெயர் பரணிதரன். திருச்சி உறையூரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். இப்போது காய் நறுக்க மெஷின் இருக்கிறது, சாமான் வண்டி டிரைவர் இல்லாமல் தானே மண்டபத்துக்குப் போய் நிற்கிறது. ஆனாலும் சாம்பாரை ருசி பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு என் மனைவி சுகந்தியுடையது. புது மசாலா எது அரைத்தாலும் அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மண்டபத்துக்குப் போகும்.

அந்தச் சுகந்திக்குத்தான் இடது கன்னத்தில் வலி வந்தது. முக நரம்பு வலி என்று ஒரு பெயர் சொன்னார்கள். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபேன் காற்று பட்டால் வலி, தண்ணீர் பட்டால் வலி, ஒரு வாய் மென்றால் கரண்ட் கம்பியைத் தொட்டவள் மாதிரித் துடிப்பாள். மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பந்தி போடுகிறவன் பெண்டாட்டி, மூன்று வருடம் ஸ்ட்ரா வைத்து மோர் குடித்து உயிரோடு இருந்தாள். பேச்சும் நின்றுபோனது. ஒருநாள் தனியாக மொட்டைமாடிக்கு ஏறிப் போனவளை என்னிடம் வேலை பார்க்கும் சூசைராஜ்தான் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தான். எதற்குப் போனாய் என்று நான் கேட்கவில்லை. 

அப்போதுதான், நரம்பு வலிக்குப் புது மருந்து தேடும் டாக்டர் ரெஹானாவின் ஆராய்ச்சியில் சேர்ந்தோம். வைரஸை ஊசியில் ஏற்றி முகத்தில் போடுவார்களாம்.

"இருக்கிற சனியன் போதாதா டாக்டரம்மா?" என்றேன். சூசைராஜும் கூட வந்திருந்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு கல்யாணத்துல எப்படி வேலை ஆரம்பிப்பீங்க, சொல்லுங்க மாஸ்டர்."

"முந்தின நாளே ஒரு ஆளை அனுப்பிடுவேன். இதோ நிக்கிறானே, இவனைத்தான்."

"அவர் போய் என்ன பண்ணுவார்?"

"ஸ்டோர் ரூம் சாவியை வாங்குவான். காபி போடறேன், கஷாயம் வைக்கறேன்னு கல்யாண வீட்டுக்காரங்க பத்த வச்சிருக்கிற அடுப்பை எல்லாம் அணைக்கச் சொல்லுவான். எந்த அடுப்பு எரியணும், எது எரியக் கூடாதுன்னு இவன்தான் முடிவு பண்ணுவான். அதுக்கப்புறம்தான் நாங்க அண்டா குண்டாவோட போவோம்."

"வைரஸும் அதேதான் செய்யுது. செல்லுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல ஒரு புரதம் செய்யும். அது நேரா அந்தச் செல்லோட ஜீன்கள்கிட்ட போகும். நீ வேலை செய், நீ நிறுத்துன்னு சொல்றது அதுதான். வைரஸோட மத்த ஆளுங்க பின்னாலதான் வருவாங்க. வந்து புதுப்புது வைரஸாச் சமைச்சு வெளிய அனுப்புவாங்க. நாங்க அந்த மத்த ஆளுங்களை வெட்டி எடுத்துட்டோம். முதல் ஆள் மட்டும்தான் இருக்கான். முகத்து நரம்புக்குள்ள போவான், வலிக்கான ஜீனை அணைப்பான், அங்கேயே உக்காந்திருப்பான். அவனால பெருகவும் முடியாது, அடுத்தவங்களுக்குப் பரவவும் முடியாது."

"அப்ப அண்டாவே வராதா?"

"வராது."

"முன்னாடி போன எனக்குச் சோறு?" என்றான் சூசைராஜ். டாக்டரம்மா சிரித்தார். சுகந்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாலும் அவளுக்கு வலிக்கும்.

ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் போயிருக்கும். காலையில் சமையல்கட்டில் கடக் முடக்கென்று சத்தம் கேட்டது. எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு போனேன். சுகந்தி தட்டை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுல காரமே இல்லையே. யாரு போட்டது?" என்றாள்.

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சு, என் சமையலில் குற்றம். நான் விளக்குமாற்றோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஊரையே கூப்பிட்டுப் பந்தி போட்டிருப்பேன்.

டாக்டரம்மா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். காய்ச்சலோ கொப்புளமோ, எது வந்தாலும் உடனே போன் பண்ண வேண்டும். பங்குனிக் கடைசியில் சுகந்திக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் மேலெல்லாம் அம்மை முத்து போட்டது. நாங்கள் போன் பண்ணவில்லை. மறந்துபோய் இல்லை. அம்மா வந்திருக்கும் வீட்டில் யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்களா? நான் வாசலில் வேப்பிலை செருகினேன், வீட்டில் தாளிப்பை நிறுத்தினேன், அவளுக்கு இளநீர் வாங்கிவந்தேன். டாக்டரம்மா சொன்ன 'எது வந்தாலும்' என்பதில் அம்மாவும் சேர்த்தி என்று எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் படவே இல்லை.

பொதுவாக வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியாட்கள் வரமாட்டார்கள். ஆனால் சுகந்திக்கு அரிக்கவில்லை, எரியவில்லை. உடம்பெல்லாம் கொப்புளத்தை வைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பிரபாவதி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, இவ்வளவு சாந்தமா அம்மா வந்து நான் பார்த்ததே இல்ல. அக்கா பட்ட கஷ்டத்துக்கு அவளே மனசு குளுந்து வந்து உக்காந்திருக்கா. நான் உள்ள வரலாமா?"

அம்மாவைப் பார்க்க வருகிறவளை வராதே என்று எப்படிச் சொல்வது? அவள் வந்தாள். அவள் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு தெருவே வந்தது. எல்லாருக்கும் சுகந்தி கையால் திருநீறு வேண்டும், மஞ்சள் தண்ணீர் வேண்டும். பிரபாவதியின் மகள் மதுமிதாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் வந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சுகந்தி திருநீறு பூசி, கண்ணில் விழாமல் கையை வைத்து மறைத்து, 'ஃபூ' என்று ஊதிவிடுவாள். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கும்.

சுகந்திக்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்குள் தெருவில் பாதிப் பேருக்கு முத்து போட்டுவிட்டது. எனக்குத்தான் முதலில், அப்புறம் தினமும் வீட்டுக்கு வந்துபோகும் சூசைராஜ் உட்பட மற்றவர்களுக்கு. யாருக்கும் அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. இந்த வருடம் அம்மா நம் தெருவைத் தன் மடியில் வைத்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். கால் வலியில் நடக்காத கிழவர்கள்கூட கோயில்வரை நடந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சித்திரையில் முதல் முகூர்த்தம். அண்டா எண்ணெயில் வடை வெந்துகொண்டிருந்தது. சூசைராஜ் கை தவறி ஜல்லிக்கரண்டியை உள்ளே போட்டுவிட்டான். குனிந்து, கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டு அதை எடுத்தான். எடுத்து, உதறி, வடையைத் திருப்பிப் போட ஆரம்பித்தான்.

"அடப்பாவி! கைடா! கை!" என்று கத்தினேன்.

"என்ன மாஸ்டர்?" என்றான். தோல் வழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தான்.

அவனை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்தினேன். மண்டபத்து மேனேஜர் வந்து, "மாஸ்டர், உங்க முழங்கையும் வெந்திருக்கே" என்றார். பார்த்தேன். அண்டா விளிம்பில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயமும் சரியாக வரவில்லை.

அதே வாரம் மதுமிதா இறந்துபோனாள். வயிற்றுக்குள் குடல்வால் வெடித்திருந்தது. அது வலித்திருந்தால் சுருண்டு விழுந்து அழுதிருப்பாள், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், பிழைத்திருப்பாள். அவள் தெருவில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். அப்புறம் காய்ச்சலாக இருக்கிறது என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். வலிக்கவில்லை, அதனால் எங்கே நிறுத்துவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஒரே சீராக அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிரபாவதியின் நெஞ்செல்லாம் கன்றிப்போய் நீலம் பாரித்துவிட்டது. ஆண்கள்தான் ஒவ்வொருத்தி கையாகப் பிடித்து இறக்கிவிட்டோம். யார் கண்ணிலும் தண்ணீர் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை, தினம் என் வீட்டுக்கு வந்த குழந்தை. நான் எதிரில் நின்று, எல்லாருக்கும் டீ கொடுத்தாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சூசைராஜின் கையைப் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், டாக்டர் ரெஹானா மறுநாள் வந்தார். வாசலில் காய்ந்து தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப வந்துச்சு?"

"பங்குனியில."

"ஏன் மாஸ்டர் எனக்குப் போன் பண்ணல?"

"அம்மா வந்திருக்கும்போது எப்படி டாக்டரம்மா..."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "எங்க வீட்லயும் அம்மை போட்டா எங்க உம்மா வேப்பிலைதான் எடுத்துட்டு வருவாங்க" என்றார். "காய்ச்சல்னு சொன்னேன், கொப்புளம்னு சொன்னேன். அம்மைங்கிற வார்த்தையை நான் சொல்லல. எனக்கும் தோணல."

உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "அம்மை வைரஸும் நாங்க போட்ட வைரஸும் ஒரே குடும்பம். அம்மை வந்தப்ப ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு. எங்க முதல் ஆளுக்குக் கோஷ்டி கிடையாது. அம்மைக்கு முழு கோஷ்டி இருக்கு. அந்தக் கோஷ்டிக்கு யாருக்காக வேலை செய்யறோம்னு தெரியாது மாஸ்டர். அம்மை வைரஸோட சேர்த்து எங்க ஆளையும் பொட்டலம் கட்டி வெளிய அனுப்பிடுச்சு. சுகந்தி மூச்சுல, எச்சில்ல. இப்ப அவன் முகத்தோட நிக்கல. உடம்புல எல்லா நரம்புக்கும் போய் அடுப்பை அணைக்கிறான்."

"சாவு வீட்ல யாருக்கும் அழுகை வரல டாக்டரம்மா. அதுவும் அவன் வேலையா?"

"அதுவும்தான் போல. மூளையில உடம்பு வலியும் மனசு வலியும் அடுத்தடுத்த வீடுதான்."

பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். அந்தப் புரதத்தைச் செய்தபோதே, இந்த மாத்திரை பட்டால் உடைகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று. புரதம் உடைந்தால் அணைத்து வைத்த ஜீன்கள் திரும்ப வேலை செய்யும், அடுத்தவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும். நாளைக்குத் தெருவில் எல்லாருக்கும் கொடுக்கப்போகிறார்கள். கடைசியாகத் தொற்றியவர்களுக்கு முதலில் வலி திரும்பும், நாள்பட்டவர்களுக்கு மெதுவாக வரும்.

"எனக்கும் போடணுமா?" என்றாள் சுகந்தி.

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போட்டா, பழைய வலி அப்படியே வந்துடும். அதுக்கப்புறம் இந்த ஊசியை உங்களுக்குத் திரும்பப் போட முடியாது. உங்க உடம்பு அவனை அடையாளம் கண்டுக்கும், உள்ள விடாது. என்கிட்ட வேற மருந்து இல்ல."

"எனக்கு மட்டும் விட்டுட முடியாதா? நான் யார்கிட்டயும் போக மாட்டேன். யாருக்கும் திருநீறு குடுக்க மாட்டேன்."

"நீங்க மூச்சு விட்டாலே போதும் சுகந்தி. போடலன்னா ஒரே ரூமுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு, ஆயுசுக்கும் இருக்கணும். அதுக்கு வேணா நான் அனுமதி வாங்கித் தரேன். கட்டாயப்படுத்த மாட்டேன்."

அவர் போன பிறகு நான் சொன்னேன். "நானும் போட்டுக்க மாட்டேன். ரெண்டு பேரும் உள்ள இருந்துடலாம். வாசல்ல சாமானை வச்சுட்டுப் போகச் சொல்லலாம். நான் சமைக்கிறேன், நீ சாப்பிடு." சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. தெரு எக்கேடோ கெட்டுப் போகட்டும், அவள் மறுபடி ஸ்ட்ராவும் மோருமாக மூலையில் உட்காருவதை நான் பார்க்க மாட்டேன். அந்த மரத்துப்போன உடம்பிலும் அது ஒன்று மட்டும் எனக்குச் சுருக்கென்றது.

சுகந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டில் பிரபாவதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள பூட்டிக்கிட்டு நல்லாத்தான் சாப்பிடலாம்" என்றாள் சுகந்தி. "ஆனா நான்தான் அந்தப் பிள்ளை நெத்தியில ஊதுனேன். அவ அம்மாவுக்கு இன்னும் அழுகை வரல. எல்லாருக்கும் சரியாகணும்னா, என்கிட்ட இருந்து திரும்ப ஒருத்தருக்கும் போகக் கூடாதுல்ல."

"நீ வேணும்னா பண்ணுன?"

"வேணும்னு பண்ணலதான். அதனால?"

மறுநாள் தெரு ஆட்களோடு வரிசையில் நின்று, டாக்டரம்மா எதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள். நானும் விழுங்கினேன். அவளைக் கன்னத்தில் ஒரு அறை விடலாம் போலக் கோபம் வந்தது. விட்டாலும் அவளுக்கு வலிக்காது.

அதற்கப்புறம் காத்திருந்தோம். காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்ப்பது தெருவில் வழக்கமாகிவிட்டது. முதலில் கோடி வீட்டுக் கைக்குழந்தை எறும்பு கடித்து வீறிட்டது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து எல்லாருக்கும் காட்டினாள். அடுத்த நாள் இரண்டு வீட்டில் பல்வலி. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து சூசைராஜ் போன் பண்ணினான். "மாஸ்டர், வலிக்குது மாஸ்டர்! உயிர் போகுது!" என்று அழுதுகொண்டே சிரித்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து யார் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

பிரபாவதிக்கு ஒரு சாயங்காலம் வந்தது. முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கன்றிய இடமெல்லாம் ஒரே சமயத்தில் வலித்திருக்க வேண்டும். பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. மகள் பெயரைச் சொல்லி அவள் அழுத அழுகை. சுகந்தி எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிரபாவதி அவளைத் தள்ளிவிடவும் இல்லை.

பிரபாவதி எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவள். அவளுக்கு முன்னால் தொற்றியது எனக்கு. எனக்கு முன்னால் சுகந்திதான்.

அதனால் சுகந்தி தினமும் காலையில் என்னைக் கிள்ளினாள். "வலிக்குதா?" என்பாள். "இல்ல" என்பேன். "அப்ப இன்னிக்கும் எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள். எதை எதையோ பொரித்தாள், வறுத்தாள், கரகரவென்று மென்றாள். முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக் கழுவினாள். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து என்னோடு வாய் ஓயாமல் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடிந்து எழுந்தபோது முழங்கை எரிந்தது. வெந்த இடம் பற்றிக்கொண்டு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மதுமிதா ஞாபகம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது ஞாபகம் வந்தது. தண்ணீர் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சுகந்தி தோசைக்கல்லுக்கு எதிரில் நின்றாள். நெய் விட்டு முறுகலாக ஒன்று வார்த்துத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி என் கையைக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நிஜமா?" இந்த முறை நகத்தை வைத்து, சதையைத் திருகி, விடாமல் பிடித்தாள்.

"ஒண்ணுமே தெரியல சுகந்தி. நீ கிள்றேன்னு பார்த்தாத்தான் தெரியுது" என்றேன். குரலைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். முகத்தையும் சரியாக வைத்திருந்தேன். கண் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் கையை எடுத்தாள். என் கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

"பக்கத்துல வந்து உக்காருங்க" என்றாள். "சீக்கிரமா சாப்பிட்டுடறேன்."